பின் குசினித் தண்ணீர் போகுமிடம்

சூசை அண்ணை காலமாகிவிட்டார் என்று அவருடைய மகன் அன்ரன் அழைத்துச் சொன்னபோது நான் பின் வளவில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். "அன்ரி, அப்பா போயிட்டார்" என்றான். அதற்கு மேல் அவனால் கதைக்க முடியவில்லை. லண்டன் வால்தம்ஸ்டோவில் என் வளவு முடிகிற இடத்தில் ஒரு பலகை வேலி இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் பற்றைகள், பற்றைகளுக்குள் ஓர் ஓடை. போனைக் காதில் வைத்தபடியே வேலியடிக்குப் போய் மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தேன். சாவுச் செய்தி கேட்டவள் செய்கிற வேலையா இது என்று மற்றவர்கள் கேட்கலாம். அவரைத் தெரிந்த நீங்கள் கேட்கமாட்டீர்கள். ஓடையில் ஒரு மணமும் இல்லை. அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்வதற்கு ஆளில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

எங்கள் தேவாலயப் பங்கு மலருக்கு அஞ்சலி எழுதுகிறவர்கள் எல்லாரும் இறந்தவரை அமைதியானவர், புன்னகை மாறாதவர் என்று எழுதிவிடுகிறார்கள். சூசை அண்ணையை அப்படி எழுதினால் அவரே எழும்பி வந்து சண்டை பிடிப்பார். அவர் சத்தமான ஆள். கோவில் மண்டபத்தில் பின் வரிசையில் இருந்து கதைத்தால் மேடைக்குக் கேட்கும். ஜெர்மனியில் பல வருடங்கள் குழாய் வேலை பழகி, பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனுக்கு வந்தவர். முதலில் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் வேலை செய்தார், பிறகு எங்கள் பக்கம் வந்தார். எங்கள் பங்கில் அவர் கை வைக்காத வீடு குறைவு. குறிப்பாக, அவர் கட்டாத பின் குசினி குறைவு.

பின் குசினி என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனாலும் இதை எங்கள் பிள்ளைகள் வாசித்தாலும் வாசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். வீட்டுக்குள் ஓர் அழகான குசினி இருக்கும். அதில் தேநீர் போடுவோம், விருந்தினருக்குக் காட்டுவோம். மீன் பொரிப்பதும் கறித்தூள் வறுப்பதும் இறைச்சி காய்ச்சுவதும் வளவில் கட்டிய சின்னக் கொட்டிலில். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கோட்டில் கறி மணக்கக்கூடாது, அவ்வளவுதான். லண்டனில் நாங்கள் மிகவும் பயந்தது அந்த மணத்துக்குத்தான். அதை வீட்டை விட்டு வெளியே தள்ளிவிட்டால் போதும் என்று இருந்தோம். அது எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன் என்று பெருமைக்குச் சொல்லவில்லை. என் மூக்குக்கு வந்ததால் கேட்க வேண்டியதாயிற்று. ஒரு மாசிமாதப் பகல், வேலை முடிந்து வந்து வளவில் நின்றபோது பற்றைக்குள்ளிருந்து மீன்குழம்பு மணந்தது. புளி கரைத்து, வெந்தயம் போட்டுக் காய்ச்சிய எங்கள் மீன்குழம்பு. அந்தப் பக்கத்தில் வீடு கிடையாது. மரங்களும் சேறும் ஓடையும்தான். யாராவது வீடில்லாதவர் உள்ளே இருந்து சமைக்கிறாரோ என்று நினைத்தேன். வீடில்லாதவர் வெந்தயம் எங்கே வாங்கினார் என்றும் நினைத்தேன். அடுத்த நாள் கருவாடு. அதற்கடுத்த நாள் ஒன்றுமில்லை. பிறகு எல்லா வீட்டிலும் விருந்து சமைக்கிற உயிர்ப்பு ஞாயிறு அன்று, மத்தியானம், ஓடை முழுக்க நுரை. சோறு பொங்குவது போல வெள்ளையாக எழும்பி, கரையில் ஏறி, மரவேர்களில் தங்கி நின்றது. ஒரு நரி அந்த நுரைக்குள் முகத்தை விட்டு நக்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தும் அது ஓடவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும் சூசை அண்ணையிடம் சொன்னேன். அவர் பெரிதாகச் சிரித்தார். உனக்குப் பசியில் மூக்கு வேலை செய்கிறது என்றார். நக்கல் அடிப்பார், ஆனால் சொன்னதை மறக்கமாட்டார். அன்று பின்னேரமே காலில் நீளச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து, வேலிப் பலகை ஒன்றைக் கழற்றி ஓடைக்குள் இறங்கினார். நானும் பின்னால் போனேன்.

ஓடையின் கற்களில் ஏதோ வளர்ந்திருந்தது. நரைத்த தலைமயிர் போல, சாம்பல் நிறத்தில், நீளநீளமாக. தண்ணீர் ஓடுகிற பக்கம் அது ஆடிக்கொண்டிருந்தது. ஓடையின் அடியில் வயதான மனிதர்கள் வரிசையாகக் கவிழ்ந்து படுத்திருப்பதைப் போல எனக்குத் தோன்றியது. நான் ஓரடி கூட எடுத்து வைக்கவில்லை. சூசை அண்ணை குனிந்து அதில் ஒரு பிடியைப் பிடுங்கி, விரல்களுக்கு நடுவில் உரசி, மூக்கடிக்குக் கொண்டுபோனார். அவருடைய சிரிப்பு அப்போதுதான் நின்றது.

"இது எங்கட எண்ணெய், தங்கச்சி" என்றார். "இதைத் திண்டுதான் இது வளருது."

கொஞ்சம் மேலே கரையில் ஒரு கொங்கிறீற்றுக் குழாயின் வாய் தெரிந்தது. ஆள் தவழ்ந்து போகலாம் போல அகலம். நாங்கள் அதன் முன்னால் நின்றோம். உள்ளே எங்கோ, வெகு தூரத்தில், யாரோ தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் வந்தது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தண்ணீர் வந்தது, கலங்கலாக, இளஞ்சூடாக. அதன் மேல் ஆவி பறந்தது. சூசை அண்ணை கண்களை மூடி மூச்சை இழுத்தார். அது செல்வராணி அக்கா வீடு என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அந்த வீட்டில்தான் பெருஞ்சீரகம் இவ்வளவு அள்ளிப் போடுவார்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் குழாயின் வாயை விட்டு ஓரடி தள்ளி நின்றேன்.

அவர் நம்பாமல்தான் சோதித்தார். அல்லது நம்ப விரும்பாமல். குழாய் வேலைக்காரர்கள் பாவிக்கிற சாயம் ஒன்று இருக்கிறதாம், உயிருக்குத் தீங்கில்லாதது. அடுத்த கிழமை செல்வராணி அக்கா வீட்டுப் பின் குசினியில் அதை ஊற்றிவிட்டுப் போனில் என்னை அழைத்தார். நான் குழாயின் வாயடியில் நின்றேன். பனிப்புகார் இறங்கிய பகல், எதிர்க்கரை தெரியவில்லை. போனில் அவர் திறந்துவிட்ட தண்ணீர் விழுகிற சத்தம் என் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதே சத்தம் எனக்கு முன்னாலும் கேட்டது. ஒரே தண்ணீரை இரண்டு இடத்தில் கேட்டுக்கொண்டு நின்றேன். குழாய் தொண்டையைச் செருமியது. பச்சையாக வந்தது. இலைப் பச்சை இல்லை, மருந்துக்கடை வாசலில் எரிகிற விளக்கின் பச்சை. ஓடை அந்த நிறத்தில் வளைந்து வளைந்து புகாருக்குள் போனது.

"வந்திட்டுதே?"

"வந்திட்டுது, அண்ணை."

அவர் தண்ணீரை நிறுத்தவில்லை. பிறகு வந்து என் பக்கத்தில் நின்று, நிறம் மங்கிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் எதையோ முணுமுணுத்தது. செபம் என்று நினைத்தேன். கிட்டப் போய்க் கேட்டால் பெயர்கள். அவர் பின் குசினி கட்டிக் கொடுத்த வீட்டுக்காரரின் பெயர்கள்.

நடந்தது இதுதான். எங்கள் பகுதியில் நிலத்துக்குக் கீழே இரண்டு குழாய்கள் போகின்றன. ஒன்று கழிவுத் தண்ணீருக்கு. அது சுத்தம் செய்கிற இடத்துக்குப் போகிறது. மற்றது கூரையில் விழுகிற மழைக்கு. அது நேரே ஓடைக்கு வந்து, ஓடை லீ ஆற்றில் விழுகிறது. அவர் ஜெர்மனியில் வேலை செய்த ஊரில் எல்லாத் தண்ணீருக்கும் ஒரே குழாயாம். ஃபாரஸ்ட் கேட்டில் அவர் வேலை செய்த பழைய தெருக்களிலும் அப்படித்தானாம். அதே பழக்கத்தில் இங்கும் வளவில் எந்தக் குழாய் கிட்ட இருந்ததோ அதில் பொருத்திப் பூட்டிவிட்டார். கிட்ட இருந்தது எப்போதும் மழைக் குழாய். பின் குசினிகளுக்குக் கவுன்சில் அனுமதி எடுக்கிற வழக்கமும் எங்களுக்கு இல்லை. ஆகவே பார்த்துச் சொல்லவும் எவரும் வரவில்லை.

வேறு ஒருவர் என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார். இவர் பங்குக் குருவான சுவாமியிடம் கேட்டு, பூசை முடிவில் ஒலிவாங்கியைப் பிடித்தார். அதற்கு அவசியமே இல்லாத குரல் என்பது வேறு விஷயம். "நான்தான் பிழையாப் பூட்டினது. வந்து கழட்டி மாத்தித் தாறன், ஒருத்தரும் ஒண்டும் தரவேண்டாம். கதவைத் திறவுங்கோ, அது காணும்" என்றார். எல்லாரும் கூரையையும் நிலத்தையும் பார்த்தார்கள். வெளியே வந்ததும் தொடங்கியது கதை. இப்போது தோண்டினால் கவுன்சில் வரும், கொட்டிலை இடிக்கச் சொல்லும், தேவையில்லாத வேலை. ஒரு கிழமைக்குள் அவருக்கு 'ஓடைச் சூசை' என்று பெயர் விழுந்துவிட்டது. அவருக்கு அது தெரியும். தெரிந்தும் முதலில் தன்னுடைய வீட்டுக் குழாயை மாற்றினார், பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒவ்வொரு கதவாகத் தட்டினார்.

குணம் அண்ணை வீட்டில் நடந்ததை அவரே இப்போது சிரித்துச் சிரித்துச் சொல்கிறார் என்பதால் எழுதுகிறேன். அவர் கதவடியிலேயே மறித்து, ஒரு ஓடைக்குப் பயந்து திரிகிறீரா என்று கேட்டிருக்கிறார். சூசை அண்ணை "ஓம், பயம்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். அடுத்த நாள் ஒரு ஜாம் போத்தலில் ஓடைத் தண்ணீரும் அந்த நரைமயிரில் ஒரு பிடியும் போட்டுக் கொண்டுவந்து, வரவேற்பறை மேசையில் குடும்பப் படங்களுக்கு நடுவில் வைத்தாராம். "இதுவும் உங்கட வீட்டு ஆள்தான், வைச்சிருங்கோ" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். வீட்டுக்காரர் அதை எறியப் பார்த்தார், மனைவி விடவில்லை. தொட்டால் ஏதோ வந்து சேரும் என்று அவவுக்குப் பயம். போத்தலுக்குள் அது ஆடிக்கொண்டிருந்ததாம். தண்ணீர் அசையாமல் இருக்கும்போதும் ஆடியது என்று மனைவி இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறா. அந்தக் கிழமைக்குள் அவர்களே சூசை அண்ணையை அழைத்தார்கள்.

அப்படி வீடு வீடாகப் போக, ஓடை மாறியது. முதலில் நுரை நின்றது. பிறகு நரைமயிர் மெலிந்து, ஒரு நாள் பார்த்தால் கற்கள் வெறும் கற்களாக இருந்தன. அவற்றைப் புரட்டினால் இறால் குஞ்சு போன்ற சின்னப் பூச்சிகள் ஓடின. நான் அவருக்கு வாழ்த்துச் சொன்னேன். அவருக்குச் சந்தோசம் இல்லை. "நாங்கள் நல்லது செய்யேல்ல, தங்கச்சி, செய்த பிழையை நிப்பாட்டினம், அவ்வளவுதான்" என்றார். குழாயடியில் நிற்கும்போது அவர் எப்போதும் குரலைத் தாழ்த்துவார். அந்தப் பெரிய குரல் அங்கே மட்டும்தான் தாழும். உள்ளே இருப்பது கேட்டுவிடும் என்பது போல. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "நாங்கள்தான்" என்றார்.

நோய் வந்தபோது இரண்டு வீடுகள் மிச்சம் இருந்தன. ஊசி ஏற்றிய கையோடு அவற்றையும் முடித்தார். ஆஸ்பத்திரியில் நான் பார்க்கப் போகிற ஒவ்வொரு தடவையும் அவர் தன்னுடைய நோவைப் பற்றிச் சொல்வதில்லை. ஓடை எப்படி என்றுதான் கேட்பார். மணமில்லை என்றால் கண்ணை மூடிப் படுப்பார். அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அவர் கையால் போன அழுக்கு, அவர் போவதற்கு முன் நிற்க வேண்டும். அதில் ஒன்றும் மிஞ்சக்கூடாது. கடைசியாகப் போனபோது என் கையைப் பிடித்து, "நான் இல்லாட்டிலும் ஒருக்கா ஒருக்கா மணந்து பார்" என்றார். பார்க்கிறேன் என்றேன். பல பேருக்குக் கட்டிலடியில் என்னென்னவோ சத்தியம் செய்திருக்கிறோம், இது லேசு என்று நினைத்தேன்.

அடக்கம் நடந்தது. நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். செத்த வீட்டில் சமைக்கக்கூடாது என்று சாப்பாடு உங்கள் வீடுகளிலிருந்து போனது. பிறகு அவருடைய மனைவி றீற்றா அக்கா தனக்கு மட்டும் உள் குசினியில் ஏதோ வைத்துக்கொண்டா. மாதம் ஒன்று போய், முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு ஆயத்தமாகி நான் சீலை உடுத்திக்கொண்டிருந்த காலையில், பின் கதவால் மணம் வந்தது.

வறுத்த தூள். கருகுவதற்கு ஒரு கணம் முன் இறக்கிய தூள். அதை அப்படி வறுப்பவர் எங்கள் பங்கில் ஒருவர்தான், றீற்றா அக்கா. அந்த வீட்டுக் குழாயைத்தான் சூசை அண்ணை எல்லாவற்றுக்கும் முதல் மாற்றினார். அதிலிருந்து வரவே முடியாது. சீலைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேலியடிக்குப் போனேன். காற்று இல்லை. பற்றைகள் அசையவில்லை. குழாய் செருமியது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்தச் சத்தம். அரிசி கழுவிய தண்ணீர் போல வெள்ளையாக ஒன்று வந்து கற்களின் மேல் பரவியது. நான் வெட்கமில்லாமல் சொல்கிறேன், "சூசை அண்ணை" என்று கூப்பிட்டுவிட்டேன். மெதுவாகத்தான், அவர் அங்கே கதைப்பது போல. பிறகு ஓடிவந்து கதவைப் பூட்டி, செபமாலையை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனேன். பூசை முழுக்க என் சீலையில் அந்த மணம் இருந்தது.

பூசை முடிந்து எல்லாரும் அவர் வீட்டுக்குப் போனோம். நான் நேரே பின் வளவுக்குப் போனேன். அங்கே அவர் கட்டிய பழைய கொட்டில் இல்லை. புதியது, வெள்ளை ஓடு பதித்தது, பெரிய தொட்டி வைத்தது. தொட்டிக்குக் கீழே இருந்து ஒரு புதிய வெள்ளைக் குழாய் சுவரோடு போய், கிட்ட இருந்த மழைக் குழாயில் ஏறியிருந்தது. ஆவியென்றால் ஒரு பூசை ஒப்புக்கொடுத்து அனுப்பிவிடலாம். இதை என்ன செய்வது?

அன்ரனைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். "ஆஸ்பத்திரியால அப்பா வீட்டை வரேக்க சப்ரைஸா இருக்கட்டும் எண்டு செய்தது, அன்ரி. ஃபிரெண்ட் ஒருத்தன் ஆள் பிடிச்சுத் தந்தவன். அந்த ஆள் குழாயை எதில குடுத்தவர் எண்டு நான் பாக்கேல்ல" என்றான். தகப்பன் வீட்டுக்கு வரவில்லை. அன்றுதான் அதில் முதன்முதலாகச் சமைத்திருக்கிறார்கள்.

எங்களுக்குப் பின்னால் றீற்றா அக்கா நின்றிருந்தா. எவ்வளவு நேரமாக நின்றாவோ தெரியாது. தொட்டியில் பெண்கள் கறி காய்ச்சிய கிடாரங்களைப் போட்டுத் தேய்க்கத் தொடங்கியிருந்தார்கள். அவ போய்த் தண்ணீரைப் பூட்டி நிறுத்தினா. கறுப்புச் சீலையோடு வளவின் நடுவில் வந்து நின்றா. வாழ்நாளில் அவ சத்தமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. அந்த வீட்டில் அதற்கு இடமும் இருந்ததில்லை.

"இந்த வீட்டுத் தண்ணி ஓடைக்குப் போகுது. அவர்ர சாப்பாட்டைத்தான் அதுக்குள்ள ஊத்திப்போட்டம். இனி இதில ஒருத்தரும் ஒண்டும் கழுவ வேண்டாம்."

அவரை ஓடைச் சூசை என்று கூப்பிட்டவர்கள் பலர் அங்கே சாப்பாட்டுக் கோப்பையும் கையுமாக நின்றார்கள். சுவாமி தன்னுடைய எச்சில் கோப்பையை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி நின்றார், எங்கே வைப்பது என்று தெரியாமல். பிறகு ஒவ்வொருவராக, வீட்டுக்குள், காட்டுவதற்கென்று வைத்திருக்கிற அந்த அழகான குசினிக்குள், எண்ணெய் வழிகிற கிடாரங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீடு முழுக்க மணந்தது. எல்லாருடைய கோட்டிலும் ஏறியது. அன்று பின்னேரம் அன்ரன் அந்தக் குழாயைத் தன் கையாலேயே அறுத்தான்.

சூசை அண்ணையிடமிருந்து நான் எதை வைத்திருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். அவருடைய பயத்தைத்தான் வைத்திருக்கிறேன். வேறொன்றையும் அவர் எனக்குத் தரவில்லை. தந்ததைத் திருப்பிக் கொடுக்கவும் ஏலாது. முன்பு பின் கதவைத் திறந்தால் வானத்தைப் பார்ப்பேன். இப்போது மூச்சை இழுத்துக்கொண்டு நிற்கிறேன். மணமில்லாத நாட்களில் அந்தக் குழாய்க்குள் என்ன வந்துகொண்டிருக்கிறது, எது இன்னும் வந்து சேரவில்லை என்று நினைத்துக்கொண்டே வேலைக்குப் போகிறேன்.

நேற்று மறுபடி மணந்தது. இறைச்சிக் கறி. அன்ரன் வீட்டுக் குழாய் மூடியிருக்கிறது, போய்ப் பார்த்தேன். அவர் இருந்தால் கண்ணை மூடி ஒரு மூச்சில் இது யார் வீடு என்று சொல்லியிருப்பார். எனக்கு அந்த மூக்கு இல்லை. அதனால் உங்கள் எல்லாருடைய கதவையும் தட்ட வேண்டியிருக்கிறது. வருகிற சனிக்கிழமை தொடங்குகிறேன். கதவைத் திறவுங்கள்.